வெறும் பட்டடையில் அடிக்காதே

திருவண்ணாமலையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். செங்கம் சாலைப் பக்கம் அவருடைய தாத்தா கொல்லுப் பட்டறை வைத்திருந்தாராம். அப்பா வேறு வேலைக்குப் போய்விட, பட்டறை பூட்டிக் கிடந்தது. இப்போது பொறியியல் படித்த பேரன் உலையை மறுபடி மூட்டியிருக்கிறார். விடுமுறை நாட்களில் கல்தச்சர்களுக்கு உளி காய்ச்சிக் கொடுக்கிறார், வேர்க்கடலைக் கொல்லைக்குக் களைக்கொத்து அடித்துத் தருகிறார். தாத்தாவின் பட்டடை என்றைக்கோ பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டதால், இணையத்தில் புதிதாக ஒன்றை வாங்கியிருக்கிறார். சில மாதங்களிலேயே அதன் ஓரம் பொரிந்துவிட்டது.

அவர் கேட்பது இரண்டு கேள்விகள். ஒன்று: "வெறும் பட்டடையில் அடிக்காதே" என்று தாத்தா அதட்டுவார்; ஆனால் அவரே இரண்டு அடிக்கு நடுவில் பட்டடையை டொக், டொக் என்று தட்டிக்கொண்டிருப்பார். இதில் எது சரி? இரண்டாவது: "அந்தக் காலத்து இரும்பே வேற, இப்ப வர்றதெல்லாம் தகரம்" என்கிறார் அவருடைய மாமா. உண்மையா?

மாமாவைப் பிறகு கவனிப்போம். முதலில் தாத்தா.

ஒன்றரைக் கிலோ சுத்தியலைக் கொஞ்சம் பலமாகவே இறக்குகிறீர்கள் என்று வையுங்கள். பட்டடைக்கு வந்து சேரும்போது அதன் வேகம் விநாடிக்கு 6 மீட்டர் அளவில் இருக்கும். இயக்க ஆற்றல் 27 ஜூல். இந்த 27 ஜூல் எங்கேயாவது செலவாகித்தான் ஆக வேண்டும். சுத்தியல் எவ்வளவு தூரம் போய் நிற்கிறது என்பதுதான் பட்டடையின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. நடுவே பழுத்த இரும்பு இருந்தால் சுத்தியல் அதற்குள் ஒரு 3 மில்லிமீட்டர் அமிழ்ந்து நிற்கும். 27-ஐ 0.003-ஆல் வகுத்தால் 9,000 நியூட்டன். ஏறக்குறைய ஒரு டன் பளு. அதே அடி வெறும் பட்டடையில் விழுந்தால்? சுத்தியலும் விட்டுக்கொடுக்காது, பட்டடையும் விட்டுக்கொடுக்காது. இரண்டும் சேர்ந்து அமுங்குவது மொத்தமே 0.3 மில்லிமீட்டர்தான். வானொலி அலைகளுக்காகப் பெயர் பெற்ற ஹைன்ரிச் ஹெர்ட்ஸ், அதற்கு முன்பே 1881-ல் இரண்டு வளைந்த பரப்புகள் முட்டிக்கொள்வதற்கு ஒரு சூத்திரம் கண்டுபிடித்தார். லேசாகக் குவிந்த முகமுள்ள சுத்தியலை அதில் போட்டுப் பார்த்தால், உச்ச விசை 20 டன்னைத் தாண்டுகிறது. அதுவும் ஒரு பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய வட்டத்தில், ஒரு விநாடியின் ஏழாயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள். அழுத்தம் 2,500 மெகாபாஸ்கலுக்கு மேல் போகிறது. நம் ரயில் தண்டவாள எஃகின் இழுவலிமை 880 மெகாபாஸ்கல். மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை.

சுத்தியல் முகம் எவ்வளவு குவிந்திருக்கிறது என்பதைப் பொறுத்து இந்த எண்கள் முன்னே பின்னே போகும். அது போகட்டும். எனக்குப் பிடித்த விஷயம் வேறு. பழுத்த இரும்பு, சுத்தியலின் விசையைக் குறைப்பதோடு நிற்பதில்லை. பட்டடைக்குப் போகும் அழுத்தத்துக்கு ஓர் உச்சவரம்பும் போடுகிறது. 1,000 டிகிரி செல்சியஸ் சூட்டில் சாதாரண எஃகு, 100 மெகாபாஸ்கல் அளவிலேயே எதிர்ப்பைக் கைவிட்டு ஓட ஆரம்பித்துவிடும். தான் தாங்காத அழுத்தத்தை அது அடுத்தவருக்குக் கடத்த முடியாது. இரண்டு மடங்கு ஆற்றலோடு அடித்தால், இன்னும் அகலமாகப் பரவும். பட்டடைக்கு இரண்டு மடங்கு அழுத்தத்தை அனுப்பாது. ஆக, பட்டடையைக் காப்பாற்றுவது அதன் சொந்தக் கடினம் என்பதைவிட, அதன் மேல் கிடக்கும் இரும்பின் இளக்கம் என்பதே பொருத்தம். பட்டறை விதிகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன.

வெறும் உரலில் இடிக்கக் கூடாது, வீட்டுக்கு ஆகாது என்று பாட்டிகள் சொல்வார்கள். ஆகாதது உரலுக்குத்தான். நெல் இருக்கும்வரை உலக்கைப் பூணுக்கும் கல்லுக்கும் நேர்ச் சந்திப்பு இல்லை. இடிக்க இடிக்க நெல் ஓரத்துக்கு ஒதுங்கும், நடுக்குழி வெறுமையாகும், கைவிட்டுத் தள்ளிக்கொடுக்க வேண்டும். கொல்லர் குறடால் இரும்பைத் திருப்பித் திருப்பிப் போடுவதும் அதற்குத்தான். இரண்டு பெண்கள் மாற்றி மாற்றி உலக்கை போடுவது, சுத்தியலும் சம்மட்டியும். இன்னும் பொருத்தம் வேண்டுமென்றால் அவல் இடிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஊறவைத்து வறுத்த நெல்லைச் சூட்டோடு போட்டு இடித்தால் தட்டையாகும், ஆறவிட்டால் நொறுங்கும். பறக்கிற உமிக்குப் பட்டறையில் ஜோடி உண்டு, இரும்பிலிருந்து உதிரும் கருஞ்செதில். நெல் சிதறாமல் இருக்க உரல் மேல் வைக்கும் குந்தாணிக்கு மட்டும் இன்னும் ஜோடி கிடைக்கவில்லை, தேடிக்கொண்டிருக்கிறேன்.

உரலிலும் சரி, பட்டறையிலும் சரி, மெத்தை எப்போது தீர்ந்துபோகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். கதிர் அரிவாளின் அலகு மாதிரி மெல்லியதை அடிக்கும்போது இரண்டு கேடு சேர்ந்து வருகிறது. தகடு மெலிந்தால் அதில் இருக்கும் வெப்பம் கொஞ்சம், அதை உறிஞ்சும் பரப்போ அதிகம். குளிர்ந்த பட்டடையில் வைத்த உடனே சிவப்பு மங்கிவிடும். கூடவே, மெல்லிய இரும்பு பக்கவாட்டில் ஓட முயலும்போது மேலே சுத்தியலும் கீழே பட்டடையும் உராய்வால் அதைப் பிடித்துக்கொள்கின்றன. அகலத்தோடு ஒப்பிட்டால் தடிமன் குறையக் குறைய அந்தப் பிடி இறுகும். அதே சூட்டில் இருந்தாலும் அதை நகர்த்தப் பல மடங்கு அழுத்தம் தேவைப்படும். 100 மெகாபாஸ்கல் உச்சவரம்பு என்று மேலே சொன்னேன் அல்லவா, அந்த வரம்பு இங்கே ஏறத் தொடங்குகிறது. சிவப்புப் போன பிறகும் "இன்னும் ரெண்டு அடி" என்று ஆசைப்படுகிறவர், இரும்பைவிடப் பட்டடையைத்தான் அதிகம் அடிக்கிறார். பழக்கமுள்ள கொல்லர் சத்தம் மாறும்போதே கையை நிறுத்தி இரும்பை உலைக்குள் தள்ளுவார்.

இனி ஓரத்துக்கு வருவோம். வாசகருடைய பட்டடை பொரிந்த இடம் அதுதான்.

இதைப் புரிந்துகொள்ளத் திருவண்ணாமலையைவிட நல்ல ஊர் கிடையாது. கொல்லர் எதை அஞ்சுகிறாரோ, அதையே தொழிலாக வைத்துப் பிழைக்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். கல்தச்சர் உளியை எங்கே வைக்கிறார் என்று பாருங்கள். பெரிய சில்லாகப் பெயர்க்க வேண்டுமென்றால் கல்லின் நடுவில் வைக்க மாட்டார். அங்கே அடித்தால் மாவுதான் வரும். விளிம்புக்குப் பக்கத்தில், உளியின் முனை திறந்த பக்கத்தைப் பார்க்கும்படி சாய்த்து வைத்து ஒரு தட்டு தட்டுவார். சிப்பி மாதிரி ஒரு துண்டு பெயர்ந்து வரும். அந்த ஊர்க் கருங்கல், நசுக்கினால் தாங்கும் அளவில் பதினைந்தில் ஒரு பங்கோ இருபதில் ஒரு பங்கோதான் இழுத்தால் தாங்கும். வேலைத்திறமை முழுவதும், அடியை இழுப்பாக மாற்றுவதில் இருக்கிறது. அந்த மாற்றத்தைச் செய்து தருவது விளிம்பு.

எப்படி? எந்தப் பொருளை மேலிருந்து அழுத்தினாலும் அது பக்கவாட்டில் பிதுங்கப் பார்க்கும். பட்டடையின் நடுவில் அடித்தால், சுற்றிலும் உள்ள எஃகு நான்கு புறமும் நெருக்கிப் பிடித்துக்கொள்கிறது. பிதுங்க வழியில்லை, பொருள் அமுங்கிவிட்டுத் திரும்புகிறது. ஓரத்தில் அடித்தால் ஒரு பக்கம் காற்று. பிடித்துக்கொள்ள ஆளில்லாத அந்தப் பக்கமாகவே எல்லாம் தள்ளப்படுகிறது. அடிபட்ட இடத்துக்குக் கீழே சாய்வாக ஒரு தளத்தில் பொருள் பிய்க்கப்படுகிறது. மெதுவான எஃகாக இருந்தால் வழிந்து, உதடு மாதிரி வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். கடினமாகத் தோய்ச்சல் போட்ட எஃகுக்கு வழியத் தெரியாது, விரிசல் விடும். வார்ப்பிரும்புக்கோ வழியவும் தெரியாது, தாங்கவும் தெரியாது. அதற்குள் கிராஃபைட் தாள் தாளாகப் படிந்திருக்கிறது. ஒவ்வொரு தாளும் முன்கூட்டியே போட்டு வைத்த ஒரு விரிசல். இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பட்டடைகளில் பலவும் வார்ப்பிரும்புதான். பட்டடை வடிவத்தில் வார்த்து நீலச் சாயம் அடித்துவிட்டதால் அது பட்டடை ஆகிவிடாது.

இந்த ஓரச் சேதத்துக்கு யூடியூபில் பிரபலமான விளக்கம் ஒன்று உலவுகிறது. அடியிலிருந்து அதிர்ச்சி அலை கிளம்பிப் போய், ஓரத்தில் மோதி, இழுப்பலையாகத் திரும்பி வந்து எஃகைப் பிளக்கிறதாம். கேட்க ஜோராக இருக்கிறது. குண்டு வெடிப்பிலும் பீரங்கிக் குண்டு தாக்கிய கவசத் தகட்டிலும் அது உண்மையும்கூட. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். எஃகில் அலையின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 5 கிலோமீட்டர். சுத்தியல் பட்டடையோடு ஒட்டியிருக்கும் அந்த ஏழாயிரத்தில் ஒரு விநாடிக்குள் அலை 70 சென்டிமீட்டர் ஓடிவிடும். விளிம்புக்கும் அடிபட்ட இடத்துக்கும் நடுவே உள்ள ஒரு சென்டிமீட்டரில் எத்தனையோ தடவை போய்வந்து கலைந்துவிடும். அடியே முடியாதபோது எந்த அலை தனியாக வந்து எதைப் பிளக்கும்? விளிம்பில் முட்டுக்கொடுக்க எஃகு இல்லை என்ற சாதாரணக் காரணம் போதும். சாதாரணக் காரணத்துக்குப் பார்வையாளர்கள் குறைவு, அவ்வளவுதான்.

அதனால்தான் விவரமறிந்தவர்கள் புதுப் பட்டடையின் கூரான விளிம்பை அரத்தாலோ சாணையாலோ இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆரத்துக்கு உருட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள். அடிக்கும் இரும்பிலும் அப்போது கூரான வெட்டுத்தடம் விழாது. சுத்தியல் முகத்தின் விளிம்பையும் இப்படியே மழுக்கிவிட வேண்டும். கை சாய்ந்து அடி கோணலாக விழுந்தால் பட்டடையில் பிறை பிறையாகத் தடம் விழுவது அந்த விளிம்பால்தான். மிகவும் ஆபத்தான அடி, இரும்பு ஓரத்தில் இருக்கையில் சுத்தியலின் பாதி இரும்பின் மேலும் பாதி வெறும் விளிம்பின் மேலும் விழுவது. அப்போது தெறிக்கும் துணுக்கு சின்னதுதான். ஆனால் விழிக்கோளத்துக்குள் துளைத்துக்கொண்டு போகும் உலோகத் துணுக்குகளில் பெரும்பங்கு, உலோகத்தின் மேல் உலோகத்தை அடிக்கும்போது தெறித்தவை. பொறியியல் படித்தவர் கண்ணாடி போட்டுக்கொள்வார் என்று நம்புகிறேன். இரண்டு சுத்தியல்களை ஒன்றோடொன்று மோதவே கூடாது என்பதும் இதே கணக்குத்தான்.

வெட்டிரும்பு வைத்துத் துண்டாக்கும் வேலை பட்டடையின் முகத்துக்கு எமன். கடைசி அடியில் இரும்பு அற்றுப்போக, வெட்டிரும்பின் கூர் நேரே முகத்தில் இறங்கும். அடியில் ஒரு தேனிரும்புத் தகட்டையோ பழைய பித்தளைத் துண்டையோ போட்டுக்கொள்ளலாம். இல்லையென்றால் முக்கால்வாசி வெட்டிவிட்டு மீதியை வளைத்து ஒடிக்கலாம். மேல்நாட்டுப் பட்டடைகளில் கொம்புக்கும் முகத்துக்கும் நடுவே, ஒரு படி இறக்கி, தோய்ச்சல் போடாத மெதுவான மேடை விட்டிருப்பார்கள், வெட்டுவதற்கென்றே.

அடியைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறவர்கள் சூட்டை மறந்துவிடுகிறார்கள். தோய்ச்சல் போட்ட எஃகு 200 டிகிரியைத் தாண்டினாலே மெல்ல மெல்ல இளகத் தொடங்கும். 300-ஐ ஒட்டி நீலம் பூக்கும்போது கடினத்தில் ஒரு பங்கு போயிருக்கும். 1,000 டிகிரி இரும்பை அதன் மேல் வைத்தால் என்ன ஆகும்? எஃகில் வெப்பம் பத்தில் ஒரு விநாடியில் ஒரு மில்லிமீட்டர் ஆழம்தான் போகும். பத்து விநாடி விட்டால் ஒரு சென்டிமீட்டர் ஆழம் வரை இறங்கிவிடும். அடித்துவிட்டுத் தூக்கும்வரை பட்டடைக்கு நேரம் போதாது. நடுவில் இருக்கும் கருஞ்செதிலும் கொஞ்சம் தடுக்கிறது. பெரிய கட்டியைப் பட்டடை மேல் சாத்தி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால்தான் அந்த இடம் மெதுவாகிப் பிறகு குழியும். குளிர்காலத்தில் பட்டடையை முதலில் சூடேற்றிக்கொள்ளுங்கள், குளிர்ந்த எஃகு எளிதில் உடையும் என்று ஐரோப்பியக் கையேடுகள் எச்சரிக்கின்றன. அக்னி நட்சத்திரத்தில் திருவண்ணாமலைப் பட்டறைக்குள் நின்றவர்கள் இந்த அறிவுரையைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொள்ளலாம்.

'அந்தக் காலத்து இரும்பே வேற' என்ற மாமாவுக்காக ஒரு பத்தி. 2025 ஜனவரியில் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட 'இரும்பின் தொன்மை' அறிக்கை, தூத்துக்குடி மாவட்டம் சிவகளையின் இரும்புக்குக் கி.மு. 3345 வரை காலம் சொன்ன நாளிலிருந்து, எல்லார் வீட்டு அரிவாளும் ஐயாயிரம் வருட ரகசியமாகிவிட்டது. அந்தக் காலக்கணிப்பு இரும்போடு கிடைத்த கரிக்கும் பானை ஓட்டுக்கும் செய்யப்பட்டது என்பதைப் பேச்சாளர்கள் சொல்வதில்லை. பழைய தென்னாற்காடு மாவட்டத்து மேல்சிறுவள்ளூரில் மூசையில், அதாவது உலோகம் உருக்கும் மண்கிண்ணத்தில், உருக்கெஃகு செய்ததற்கான தடயங்களை ஆய்வாளர் சாரதா ஸ்ரீனிவாசன் 1994-ல் எழுதினார். திருவண்ணாமலைக்காரர்கள் பெருமைப்பட அது போதும். ஆனால் மூசையில் வந்த கட்டி உள்ளங்கையில் அடங்குகிற அளவு. அதில் யாரும் பட்டடை வார்க்கவில்லை. கரி மிகுந்த அந்த எஃகு அதிகச் சூட்டில் அடித்தால் நொறுங்கும், குறைந்த சூட்டில்தான் அடிக்க வேண்டும். குறைந்த சூடு என்றால் கடினமான இரும்பு, பட்டடைக்குக் கூடுதல் அடி. 2006-ல் 'நேச்சர்' இதழில், இந்த வகை எஃகில் செய்த டமாஸ்கஸ் வாள் ஒன்றில் கரிம நானோ குழாய்கள் கண்டதாக ஒரு கட்டுரை வந்ததும் அதையும் சேர்த்துக்கொண்டார்கள். நல்லவேளை, பட்டடைக்கு இன்னும் யாரும் நானோ குழாய் கொடுக்கவில்லை. பட்டடைக்கு இலக்கியத்திலும் கலவையான வரவேற்புதான். புறநானூற்றின் 170-ஆம் பாட்டு, சம்மட்டிக்கு ஈடுகொடுக்கும் உலைக்கல்லை வீரனுக்கு உவமை ஆக்குகிறது. வள்ளுவர் 821-ஆம் குறளில் அதைக் கூடாநட்புக்காரனாக்கிவிட்டார். அடி முழுவதையும் வாங்கிக்கொண்டு பேசாமல் கிடப்பதற்கு இது கொஞ்சம் அநியாயம்.

இனி என்ன வாங்குவது? இணையத்தில் பட்டடையைச் சோதிக்க எஃகுக் குண்டு ஒன்றை மேலிருந்து போட்டு, எத்தனை சதவீதம் துள்ளுகிறது என்று காட்டுவார்கள். 90 சதவீதம் துள்ளினால் உலகத்தரம் என்பார்கள். அந்தக் குண்டின் ஆற்றல் ஒரு ஜூலின் சிறு பங்கு. அது விழுந்த இடத்தில் முகம் கடினமா என்று சொல்லும். ஓரம் தாங்குமா என்று சொல்லாது. துள்ளல் கொல்லரின் கைக்கு உதவும் என்பதிலும் பாதிதான் உண்மை. பழுத்த இரும்பு நடுவில் இருந்தால் சுத்தியல் துள்ளுவதே இல்லையே!

எடைதான் முக்கியம். 50 கிலோ பட்டடையில் ஒன்றரைக் கிலோ சுத்தியல் அடித்தால், பட்டடையை ஆட்டுவதில் வீணாகும் ஆற்றல் 3 சதவீதம். 5 கிலோ துண்டு என்றால் 23 சதவீதம். மீட்டருக்கு 52 கிலோ எடையுள்ள தண்டவாளத்தில் ஓரடித் துண்டு 16 கிலோ இருக்கும்; 9 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் வீணாகும். பரவாயில்லை. ஆனால் அதைப் படுக்கப் போட்டால் தலைக்குக் கீழே இருக்கும் ஒன்றரை சென்டிமீட்டர் இடுப்பு துள்ளிக்கொண்டே இருக்கும். செங்குத்தாக நிறுத்தி, வெட்டுமுகம் மேலே வரும்படி, மண்ணில் புதைத்த புளியங்கட்டையில் இறுக்கினால் அடிபடும் இடத்துக்கு நேர் கீழே ஓரடி எஃகு முட்டுக் கொடுக்கும். உளி காய்ச்சி அடிக்க அந்தச் சின்ன முகம் தாராளம். விளிம்பை மறக்காமல் உருட்டிவிடுங்கள். தண்டவாளத்தை ஏலத்தில் எடுத்த கடையில் ரசீதோடு வாங்குங்கள்; ரசீதில்லாத ரயில்வே சொத்துக்கென்றே 1966-ல் ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள்.

தாத்தாவின் டொக், டொக்? அது அடி இல்லை. இரும்பைத் திருப்பிப் பார்த்து அடுத்து எங்கே போடுவது என்று யோசிக்கும் ஒரு கணம், சுத்தியலை அதன் போக்கில் விழவிட்டுத் துள்ளவிடுவது. கையும் ஓய்வெடுக்கும், தாளமும் அறுந்துபோகாது. பல பட்டறைகளில் எதிரே நிற்கும் சம்மட்டிக்காரருக்கு அதுவே சைகை. வேகம் பன்னிரண்டில் ஒரு பங்கானால் ஆற்றல் நூற்று நாற்பத்து நாலில் ஒரு பங்கு. அதுவும் முகத்தின் நடுவில், நான்கு பக்கமும் முட்டு உள்ள இடத்தில். வருடக்கணக்கில் இப்படித் தட்டு வாங்கிய முகம் பளபளப்பாகிக் கொஞ்சம் இறுகவும் செய்யும். அதட்டியதும் தட்டியதும் இரண்டுமே சரி.

பொரிந்துபோன வார்ப்பிரும்பை மின்பற்று வைத்துச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முன்சூடு இல்லாமல் பற்று வைத்தால் பற்றுக்குப் பக்கத்திலேயே புது விரிசல் விடும். பெயர்ந்த இடத்தின் கூர்களைச் சாணையில் மழுக்கிவிட்டு, தகடு மடிக்கவும் கம்பி நிமிர்த்தவும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேலைகளையும் நடுமுகத்திலேயே செய்யுங்கள்.